இரண்டு லிட்டர் பெட்டி

மே 4
அடிலெய்டிலிருந்து வந்த மைத்துனன் விட்டுச்சென்ற அட்டைப்பெட்டி வைனை இன்று திறந்தேன். தீர்வையின்றிப் பயணி ஒருவர் 2 லிட்டர்தான் கொண்டுவரலாம் என்பதால், 3 லிட்டர் பெட்டியை விட்டுவிட்டு இதை வாங்கினானாம். மலிவானது என்று கூச்சத்தோடுதான் சொன்னான். குடிக்கும் முன்பே ஏளனம் செய்வது நியாயமில்லை என்று சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 2,110 கிராம். முதல் வாய் சுள்ளென்று எரிந்தது. அக்னி நட்சத்திரத்தில், 35 டிகிரி அறையில், எந்தச் சிவப்பு வைனும் அப்படித்தான் இருக்கும்.

மே 5
ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தேன். எரிச்சல் அடங்கி, நாவல்பழத் துவர்ப்பு தெரிந்தது. கோவையிலிருந்து அழைப்பு இல்லை.

மே 7
மின்வெட்டு.

மே 10
எடை 1,360. ஐந்து டம்ளர், அதாவது ஏறத்தாழ ஒரு புட்டி தீர்ந்தும் சுவை மாறவில்லை. உள்ளே இருக்கும் வெள்ளி நிறப் பை, வைன் குறையக் குறையச் சுருங்கிக்கொள்வதால் காற்று நுழைய இடமில்லை. 1965இல் தென் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் காப்புரிமை பெற்ற முதல் பெட்டியில் குழாய்கூடக் கிடையாது. பையின் மூலையை வெட்டி ஊற்றிவிட்டுக் கவ்வியால் அடைக்க வேண்டுமாம். கவ்வியோடு போராடிய அந்தக் குடும்பங்களை நினைத்தால் என் குழாயின் அடியில் சொட்டும் ஒரு துளியை மன்னித்துவிடலாம். கீழே விரித்த நாளிதழில் வரன் தேடும் விளம்பரங்களின் மேல் கருஞ்சிவப்பு வட்டம் ஒன்று விழுந்திருக்கிறது.

மே 12
மாடி வீட்டு நண்பர் வந்தார். நான் திரும்பி நிற்க, இன்று திறந்த நாசிக் வைன், ஐந்து நாள் முன்பு திறந்து மூடிய அதே வைன், பெட்டி வைன் ஆகிய மூன்றையும் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிவைத்தார். எவர்சில்வர் டம்ளரில் மணம் நிற்பதில்லை என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது. பழைய புட்டியை முகர்ந்ததுமே காடி என்று ஒதுக்கினேன். புதுப் புட்டிக்கே முதலிடம். அதன் மணம் தொண்டையைத் தாண்டியும் நின்றது, பெட்டியினுடையது வாயோடு முடிந்துவிட்டது. ஆனால் வஞ்சிர வறுவல் வந்தபின் எது எது என்று இருவருக்குமே தெரியவில்லை. புட்டி திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெட்டிக்கு இல்லை. மாலைக்கு ஒரு டம்ளர் என்று தனியாக இருப்பவனுக்கு, விலையைவிட அதுவே பெரிது.

மே 15
கணக்குப்படி 760 இருக்க வேண்டும்; தராசு 610 காட்டுகிறது. குழாயைத் துடைத்தேன், பெட்டியின் அடியைத் தடவினேன், நாளிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கசிவில்லை. புட்டியாக இருந்தால் கண்ணே கண்டித்திருக்கும், அட்டைக்குள் மட்டம் தெரிவதில்லை. நேற்று முன்தினம் இரவு அலைபேசியையே பார்த்துக்கொண்டு இரண்டாம் டம்ளர் பிடித்தவன் நான்தான்.

மே 16
இன்னும் அழைப்பு இல்லை. ஒரே டம்ளர்.

மே 17
இரவு எட்டரைக்கு அழைத்தார்கள். காலைக் கோவை எக்ஸ்பிரஸுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் இன்று குழாயைத் தொடவில்லை. இரண்டு டம்ளருக்குக் குறையாமல் மீதி இருக்கிறது. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், தயிருக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தேன்.