எடை ஏறியும் எழுந்திருக்காத நோயாளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்பட்டணத்தில் ஒருவருக்கு மருந்துக்கு மசியாத காசநோய் என்று தெரிந்ததும், வீட்டில் முதலில் தனியாக ஒதுங்குவது அவருடைய தட்டும் டம்ளரும்தான். தட்டில் இந்த நோய் ஒட்டாது. இருமும்போது காற்றில் பரவுவது. சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி பயம் தீரும். தட்டைப் பிரித்தால் நோய் நிற்காது, ஆள்தான் ஒதுங்கிப் போவார்.

களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை காசநோயிலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு. அதனால்தான் மனச்சோர்வு பலருக்குப் பிடிபடுவதில்லை. எடை ஏறுகிறது, சளி சோதனை சுத்தமாக வருகிறது, ஆனாலும் எதிலும் நாட்டமில்லை, "என்னால எல்லாருக்கும் பாரம்" என்கிறார் என்றால், அது நுரையீரல் சமாச்சாரம் மட்டுமல்ல.

உடனே "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லாதீர்கள். முதலில் மருந்தைப் பாருங்கள். சைக்ளோசெரின் என்ற காசநோய் மருந்து மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கிளப்பக்கூடியது. அதோடு கள், சம்சு (மலிவுச் சாராயம்) சேர்ந்தால் வலிப்பு வரலாம். எத்தியோனமைடு, பாஸ் (PAS) என்ற வேறு இரண்டு காசநோய் மருந்துகள் தைராய்டு சுரப்பைக் குறைக்கலாம், அதுவும் மனச்சோர்வு போலவே தெரியும். ஒரு இரத்தப் பரிசோதனையில் பிடிபட்டுவிடும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அளவு குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் வேலை.

2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த 6 மாத சிகிச்சையில் (பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லைனெசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின்) சைக்ளோசெரின் இல்லை. ஆனால் லைனெசோலிடோடு ஃபுளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தாகலாம். தனியார் கிளினிக்கில் மாத்திரை வாங்குமுன் காசநோய் மருந்துப் பட்டியலைக் காட்டியே ஆகவேண்டும். பெடாகுவிலினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடியவை. எஸ்சிட்டலோப்ராமும் அப்படித்தான், ஆகவே ஈசிஜி முக்கியம். லைனெசோலிட் எடுக்கும்வரை பிளாச்சான் (புளித்த இறால் விழுது), கருவாடு, கிச்சாப் (சோயா சாஸ்) எல்லாம் கொஞ்சமாகத்தான். இரத்த அழுத்தம் எகிறிவிடலாம்.

மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைக்கும் நர்ஸுக்கோ குடும்பத்தாருக்கோ கேட்க இரண்டு கேள்வி போதும்: கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, மனசு பாரமாக இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வுக்கான 9 கேள்விப் படிவம் போட வேண்டும். அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் பார்க்கணும். 9ஆவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 0 தவிர எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். பேச 15555 என்ற ஹீல் எண் (மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்) உண்டு.

தீபாவளி லீவுக்கு மொத்தமாக மாத்திரை கொடுத்தால், அந்தப் பொட்டலம் அவர் கையில் அல்ல, வீட்டில் வேறொருவர் பூட்டு போட்ட அலமாரியில்.