செந்தூல் பட்டறைக்குள் சலங்கைச் சத்தம்

சனிக்கிழமை மாலை அம்மாவை அழைத்துக்கொண்டு பத்துமலையிலிருந்து கொமூட்டர் ரயிலில் கோலாலம்பூரின் செந்தூலுக்குப் போனேன். பலவகை நடனங்கள் ஒரே மேடையில். டிக்கெட் 20 வெள்ளி (ரிங்கிட்). போன ஆண்டு வேறோர் அரங்கில் இப்படியொரு நிகழ்ச்சிக்கு 180 வெள்ளி கேட்டார்கள். அம்மாவையும் கூட்டிப்போக நினைத்தவள், விலையைப் பார்த்துவிட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

நிகழ்ச்சி நடந்த கோலாலம்பூர் நிகழ்கலை மையம் 2005இல் திறந்தது. அதற்கு முன் அது ரயில்வே பட்டறைக் கட்டடம். அப்பா செந்தூல் பட்டறையில்தான் வேலை செய்தார். அம்மா செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "சாப்பாட்டுத் தூக்கை வாங்க அப்பா கேட் வரைக்கும் வருவார். ஒருநாள்கூட நான் உள்ளே போனதில்லை" என்றார்.

முதலில் பரதநாட்டியம். நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். ஜதி வேகமெடுத்தபோது ஒரு பெண்ணின் சலங்கையிலிருந்து மணியொன்று தெறித்து, மேடையின் ஓரம்வரை உருண்டு வந்து நின்றது. அவள் பார்வை அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆனால் அடுத்த முறை முன்னால் வந்தபோது பாதத்தை அரை அடி தள்ளி வைத்தாள். தாளம் தப்பவில்லை. என் கண்கள் நிறைந்துவிட்டன.

அடுத்து ஜாப்பின். அரபு வணிகர்களோடு வந்து மலாய் மண்ணில் ஊறிய ஆட்டம். பரதத்தில் பாதம் தரையை அறையும். இதில் தரையைத் தொட்டதே தெரிவதில்லை. தோள் அசையாமல், மர்வாஸ் முழவின் தட்டுக்குக் கால்கள் மட்டும் முன்னும் பின்னும் போய்வந்தன. அடுத்தடுத்துப் பார்த்ததால்தான் இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. பிறகு வந்த நவீன நடனத்தில் புகையும் விளக்கும் அதிகம், ஆட்டம் குறைவு.

கடைசியாக மாக் யோங் என்ற மலாய் நாட்டிய நாடகம். இந்தக் கலையை 2005இல் யுனெஸ்கோ போற்றியது. பிறந்த கிளந்தான் மாநிலத்திலோ 1991 முதல் தடை, 2019இல்தான் நிபந்தனைகளோடு நீக்கினார்கள். ரெபாப் வாத்தியத்தைப் பார்த்தபடி பெண்கள் தரையில் அமர்ந்து, விரல்களை மெல்ல, மிக மெல்ல விரித்தார்கள். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. ராஜாவாக வந்தவரும் பெண்தான். மூங்கில் கற்றையால் கோமாளியை அவர் ஒரு தட்டுத் தட்டியதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

திரும்பும்போது ரயிலில் அம்மாவின் விரல்கள் மடிமேல் மெதுவாக விரிந்து மடங்கின. பத்துமலை வந்ததும் கேட்டார்:

"நாளைக்கும் உண்டா?"

"உண்டும்மா. நாளைதான் கடைசி."

"எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிடு. மூன்று பேருக்கு அறுபது வெள்ளிதானே."