ரைசர் கேபிளோடு 18 நாள்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். வன்பொருள் பிழைகளைக் குறித்து வைக்கும் வியா-லாகர் பெயரில் ஒரு வரிகூட இல்லை. மூன்று மணி நேரம் கிராபிக்ஸ் கார்டை வாட்டி எடுத்த பிறகும் இல்லை. இந்தப் பூஜ்யத்தைப் பார்க்க 18 நாளும் 2 கேபிளும் செலவாகியிருக்கின்றன. தூக்கம் வரவில்லை, எழுதி வைக்கிறேன்.

என்னுடையது சாண்ட்விச் கேஸ். ஒரு பக்கம் மதர்போர்டு, அதன் முதுகுக்குப் பின்னால் கிராபிக்ஸ் கார்டு, இரண்டையும் இணைக்க நடுவில் வளைந்து போகும் ரைசர் கேபிள். கண்ணாடி வழியே கார்டின் முகம் தெரியட்டும் என்று செங்குத்தாக நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேபிள் சொதப்பினால் கழற்றிப் போட்டுவிட்டு கார்டை நேராக ஸ்லாட்டில் செருகிக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரைசர் படுத்தால் கணினியே படுத்துவிடும்.

கேஸோடு வந்த கேபிள் பிசிஐஇ 3.0, அதாவது போர்டும் கார்டும் பேசிக்கொள்ளும் இணைப்பின் மூன்றாம் தலைமுறை. பழைய கார்டும் 3.0 என்பதால் நான்கு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. கார்டையும் போர்டையும் 4.0க்கு மாற்றிய அன்றே திரை கறுப்பு. பிசிஐஇ இணைப்பு எப்போதும் முதல் தலைமுறை வேகத்தில் தொடங்கும், அதாவது நொடிக்கு 2.5 ஜிகா-டிரான்ஸ்ஃபர். பிறகு போர்டும் கார்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டு மேலே ஏறும். "உனக்கு 16 வருமா?" "வரும்." "எனக்கும் வரும்." பேச்சு முடிந்தது. நடுவில் கிடக்கிற கேபிளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பதில் சொல்ல அதில் ஒரு சிப்பும் கிடையாது. சம்பந்திகள் இருவரும் சேர்ந்து தேதி குறித்துவிட்டார்கள், மாப்பிள்ளைக்கு மட்டும் தகவல் போகவில்லை.

போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்று பூட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பயாஸைப் பார்க்கத் திரை வேண்டுமே! ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பவர்கள் போர்டின் எச்டிஎம்ஐயில் வயரை மாற்றிக் குத்திக்கொள்ளலாம். என் ப்ராசஸரில் அது கிடையாது. போர்டை வெளியே எடுத்து, அட்டைப்பெட்டி மேல் வைத்து, கார்டை நேரே செருகி, ஜென் 3 போட்டுச் சேமித்து, மறுபடி எல்லாவற்றையும் உள்ளே திணித்தேன். இரண்டு நாள் கழித்து ராம் டைமிங்கில் கை வைத்தேன், பூட் ஆகவில்லை, பயாஸ் அமைப்புகளை அழிக்க சிமாஸை கிளியர் செய்தேன். அதோடு ஜென் 3 பூட்டும் போய் ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டது. திரும்பவும் கறுப்பு. திரும்பவும் அட்டைப்பெட்டி. அந்தக் கோபத்தில்தான் 4.0 கேபிளுக்கு ஆர்டர் போட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஜென் 3இலேயே ஓட்டியிருக்கலாம். பதினாறு லேனும் (டேட்டா போகும் பாதை) உள்ள முழு எக்ஸ்16 கார்டுக்குப் பெரும்பாலான கேம்களில் இழப்பு சில சதவீதம்தான். 3டிமார்க் என்ற சோதனை மென்பொருளின் பிசிஐஇ சோதனையில் ஜென் 3க்கு நொடிக்கு 13 ஜிபி, ஜென் 4க்கு 26 ஜிபி என்று இரட்டிப்பாகத் தெரியும், ஆனால் கேமில் அதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்து தேட வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 மாதிரி எட்டு லேன் மட்டும் உள்ள கார்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான்கே லேன் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வைத்திருப்பவர்கள் ரொம்பவே யோசிக்க வேண்டும், அதற்கு ஜென் 3 என்றால் அடி பலமாக விழும். என் கார்டு எக்ஸ்16. எனக்கு இருந்தது தேவை இல்லை, வீம்பு.

வாங்கியது 30 சென்டிமீட்டர் கேபிள். இருபதே போதும், இருந்தாலும் மடிக்க வசதியாக இருக்கட்டுமே என்று கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டேன். முதல் தப்பு அது. நொடிக்கு 16 ஜிகா-டிரான்ஸ்ஃபர் என்றால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 62.5 பிகோ நொடி. அந்த நேரத்தில் சிக்னல் செம்பில் ஒன்றேகால் சென்டிமீட்டர் போலத்தான் நகரும். அப்படியென்றால் அந்த 30 சென்டிமீட்டருக்குள் ஒவ்வொரு லேனிலும் ஒரே சமயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போய்க்கொண்டிருக்கும். தேவையில்லாமல் கூட்டுகிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் சிக்னலைத் தேய்க்கிறது. போதாததற்கு ரைசர் போட்டாலே ஒரு கனெக்டர் இருந்த இடத்தில் இரண்டு, நடுவில் கேபிளும் ரைசரின் ஸ்லாட் பலகையும் சேரும் சால்டர் இடங்கள் வேறு.

முதல் நாள் அருமையாக ஓடியது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட்டில் எக்ஸ்16 4.0 என்று காட்டியது, நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பிப் பீற்றிக்கொண்டேன். (சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், மின்சாரம் மிச்சம் பிடிக்க இறங்கியிருக்கும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி லோடு கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.) மூன்றாம் நாள் கேம் நடுவே அரை நொடி உறைந்தது. பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒருநாள் டிரைவரே விழுந்து எழுந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் அப்புறம். டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். ராம் டைமிங்கைத் தளர்த்தினேன். பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு இன்னொரு கணினியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். ஆறு நாள் போயிற்று. எக்ஸ்16 4.0 என்று எழுதிக் காட்டுகிறதே, கேபிள் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஏழாம் நாள் வேறு எதற்கோ ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். வியா-லாகர், ஐடி 17, மஞ்சள் முக்கோணம். ஒரே மாலையில் 4,312 தடவை. சரிசெய்யப்பட்ட வன்பொருள் பிழை, உறுப்பு பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட். லினக்ஸ்காரர்கள் டிமெசேஜ் என்ற கெர்னல் பதிவில் பேட்-டிஎல்பி (கெட்ட பாக்கெட்) என்று பார்ப்பது இதைத்தான்.

ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒரு சிஆர்சி எண் (சரிபார்க்கும் எண்) போகிறது. வாங்கும் முனையில் கணக்கு இடித்தால், "திரும்ப அனுப்பு" என்று சொல்லும். அனுப்பிய முனை கையில் பிரதி வைத்திருக்கும், திரும்ப அனுப்பும். அதனால் டேட்டா கெடுவதில்லை, திரையில் கோடு விழுவதில்லை, எதுவும் வெளியே தெரிவதில்லை. ஒரே பாக்கெட் திரும்பத் திரும்பத் தோற்றால் மட்டும் இணைப்பையே முதலிலிருந்து பழக்க ஆரம்பிக்கும். நான் பார்த்த அரை நொடி உறைதல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஜென் 3க்கு இறக்கிப் பார்த்தேன்: பூஜ்யம். ஜென் 4: கொட்டுகிறது. குற்றவாளி கிடைத்துவிட்டான்.

விற்றவருக்கு எழுதினேன். பயாஸில் ஜென் 3 போட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. 4.0 என்று பெட்டி முழுக்க அச்சடித்து விற்றவர் சொல்கிற வைத்தியம்! அந்த எண்ணைப் பெட்டியில் போட யாரும் பரீட்சை எழுதித் தேற வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இனிமேல் திருப்பி எடுத்துக்கொள்ள எத்தனை நாள் தருகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன், மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன்: பிசிஐஇ சோதனையைப் பத்து நிமிடம் சுற்றவிட்டு, ஐடி 17 எத்தனை என்று எண்ணுவது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். தொடக்கம் 1,140. இரண்டு முனையையும் கழற்றி மறுபடி செருகினேன்: 1,090. தங்க முனைகளை ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலில் துடைத்தேன்: 1,120. துடைத்த துணி வெள்ளையாகவே இருந்தது, அழுக்கு இருந்தால்தானே வரும். கேபிளில் கூர்மையாக மடிந்திருந்த இடத்தை விரித்து, அகலமான வளைவாக்கினேன்: 610. அடடா என்று எழுந்து உட்கார்ந்தேன்.

அடுத்ததுதான் முக்கியம், இரண்டு ராத்திரி இதிலேயே போயிற்று.

கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். லாக் பூட்டியிருக்கிறது, எல்லாம் சரி. எழப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. ஸ்லாட்டின் உதட்டுக்கு மேலே, பிராக்கெட் (கார்டைக் கேஸில் பிடிக்கும் தகடு) இருக்கும் முனையில் மட்டும், ஒரு தங்கக் கோடு. நகத்தின் ஓரம் அளவுதான். மறு முனையில் அது இல்லை. பிராக்கெட் திருகைத் தளர்த்தினேன், கோடு மறைந்தது. முறுக்கினேன். ஸ்க்ரூடிரைவர் கால் சுற்றுச் சுற்றச் சுற்ற, தங்கம் மெல்ல மேலே வந்தது. கார்டை ஸ்லாட்டிலிருந்து கிளப்பிக்கொண்டிருந்தது நானேதான், ஒவ்வொரு முறையும், "நன்றாக இறுக்கி" விட்டு!

காரணம் எளிது. கேஸில் ரைசரைப் பிடிக்கும் துளைகள் பழைய கேபிளின் ஸ்லாட் உயரத்துக்கு அமைந்தவை. புதியதன் ஸ்லாட் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தாழ்வு. பிராக்கெட்டின் உதடு கேஸில் போய் முட்டி நிற்கும்போது கார்டு இன்னும் முழுசாக இறங்கியிருக்காது. போர்டில் நேரே செருகும்போது இந்த வம்பு வராது, ரைசரில்தான் ஸ்லாட்டும் பிராக்கெட்டும் வெவ்வேறு உயரத்தில் போய் நிற்கும்.

வழி, திருகும் வரிசையை மாற்றுவது. ரைசர் பலகையின் இரண்டு திருகுகளையும் ஆடும்படி விட்டேன். வெளியிலேயே கார்டை ஸ்லாட்டில் அமுக்கிச் செருகி, லாக் போட்டு, அப்படியே சேர்த்து உள்ளே இறக்கினேன். முதலில் பிராக்கெட் திருகு, முழுசாக. இப்போது ஸ்லாட் கார்டோடு ஒட்டிக்கொண்டு, கேஸிலிருந்து கொஞ்சம் தூக்கி நிற்கிறது. அந்த இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர் நைலான் வாஷரை இடுக்கியால் நுழைத்தேன். (இரண்டு தடவை கீழே விழுந்தது, ஒன்று இன்னும் பவர் சப்ளைக்குள்தான் இருக்கிறது.) கடைசியில் ரைசர் திருகுகள், மாற்றி மாற்றி அரைச் சுற்றாக. டார்ச் அடித்துப் பார்த்தேன், தங்கம் தெரியவில்லை. பத்து நிமிடம்: 38.

610இலிருந்து 38! அன்றைக்கு ராஜா மாதிரி தூங்கினேன்.

வாஷர் நைலானில் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என்இசட்எக்ஸ்டி தன் எச்1 கேஸை 2021இல் திரும்பப் பெற்றது ரைசர் பலகையால்தான். பலகையைக் கேஸில் பிடிக்கும் உலோகத் திருகுகள் சர்க்யூட்டில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. ஸ்லாட் வழியே 75 வாட் வரை போகலாம், அதில் 12 வோல்ட் பக்கம் மட்டும் 5.5 ஆம்பியர், ஐந்து பின்னில். விளையாட்டில்லை. பலகையின் அடியில் மின்காப்புக்குக் கேப்டான் டேப் ஒரு அடுக்கும் ஒட்டியிருக்கிறேன். கிரிப்டோ நாணயம் தோண்ட விற்ற, யுஎஸ்பி வயர் வைத்த ரைசர்களைச் சிலர் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதென்று கேட்கிறார்கள். அது ஒரே லேன் உள்ள எக்ஸ்1, கேமுக்கு உதவாது. அதற்கு சாட்டா வயரில் மின்சாரம் கொடுப்பது அதைவிட மோசம், சாட்டா முனை 54 வாட்டுக்கு மேல் தாங்காது.

38 என்னை நிம்மதியாக விடவில்லை. பத்து நிமிடத்தில் 38 என்றால் கேமில் ஒன்றும் தெரியாது, தெரிந்தும் கை சும்மா இருக்குமா? கேபிளைத் திருப்பி அனுப்பிவிட்டு, 20 சென்டிமீட்டரில் ட்வினாக்ஸ் வகை ஒன்று வாங்கினேன். பட்டை ரிப்பன் இல்லை. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனிக் கவசத்தோடு, கூந்தலைக் கற்றையாகப் பிரித்துவிட்ட மாதிரி வருகிறது. ஆர்டர் போடுமுன் திசையைத் தாளில் வரைந்து இரண்டு தடவை சரிபார்த்தேன். ஸ்லாட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் தவறினால் கார்டின் விசிறி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த ஸ்லாட்டும் தாழ்வுதான், அதே வாஷர், அதே வரிசை. பத்து நிமிடம் பூஜ்யம். ஒரு மணி நேரம் பூஜ்யம். நேற்று மூன்று மணி நேரம்.

இன்னும் முடியவில்லை. ட்வினாக்ஸ் விறைப்பானது, மடிப்பு அகலமாகத்தான் வரும், பக்கக் கதவை அது இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளுகிறது. கீழே இரண்டு கொக்கி பிடிக்கிறது, மேலே பிடிக்கவில்லை. கொக்கியை ராவலாமா, கேபிளை மதர்போர்டு பக்கம் இன்னொரு வழியாக விடலாமா என்று பார்க்க வேண்டும். அதற்குள் அடுத்த கார்டு 5.0, நொடிக்கு 32 ஜிகா-டிரான்ஸ்ஃபர், அதற்கு எந்த கேபிள் தாங்கும் என்று மனசு ஓடுகிறது. கேஸோடு வந்த பழைய 3.0 கேபிளில் "ஜென் 3 மட்டும்" என்று மார்க்கரில் எழுதி இன்னொரு கணினியில் மாட்டிவிட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதவைத்தான் இப்போதைக்கு ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தியிருக்கிறேன்.