கயெரி வந்ததா?

ஜப்பானில் கோபேக்கு வடமேற்கே இருக்கும் மிகிக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம், எனக்குத் தெரிந்த ஜப்பானிய வார்த்தைகளில் பாதி பக்கத்து வீட்டுப் பெரியவர் வாயிலிருந்து வந்தவை. ஓய்வுபெற்ற தச்சர். மாலையில் நான் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் போதும், வாசலிலிருந்தே "ஒகயெரி" என்பார். வீடு திரும்பியவரை வரவேற்கிற சொல். அதைக் கேட்பதற்காகவே சில நாள் ஓவர்டைம் வேண்டாம் என்று கிளம்பியிருக்கிறேன்.

மிகி ரம்பத்துக்கும் உளிக்கும் பேர்போன ஊர். ஹிகோனோகாமி என்கிற மடக்குக் கத்தி 1890களில் பிறந்ததும் இங்கேதான். பித்தளைத் தகட்டை மடித்த பிடி. ஸ்பிரிங் கிடையாது, பூட்டு கிடையாது. அலகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் பென்சில் சீவினார்களாம். 1960இல் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமாவை 17 வயதுப் பையன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அதன்பிறகு பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று இயக்கம் நடந்து, பென்சில் டப்பாக்களிலிருந்து இது காணாமல் போனது.

நான் வாங்கியது ஒரே மாதத்தில் மழுங்கிவிட்டது. சாணை என்றால் எனக்குத் தெரிந்தது, தெருவில் வருபவர் சக்கரத்தை மிதித்துப் பொறி பறக்க விடுவதுதான். இங்கே தண்ணீர்க் கல், தண்ணீரில் ஊறவைத்துத் தீட்டுகிற கல். ஆயிரம் நம்பர் கல் ஒன்று வாங்கி, கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். பத்தடி தூரம்தான், ஆனாலும் நெஞ்சு படபடத்தது. 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே கொண்டுபோனால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம் என்று அலுவலகத்தில் பயமுறுத்தியிருந்தார்கள்.

கல்லை வாளியில் போட்டார். முட்டை முட்டையாகக் காற்று வந்தது. அது அடங்கும்வரை கால் மணி நேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் தீட்டினேன். நாலு இழுப்பில் "அகான், அகான்" என்றார். இந்தப் பக்கத்துப் பேச்சில் 'ஆகாது' என்று பொருள். (நம் 'ஆகாது'க்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பாருங்கள்!) கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்து, விளிம்பில் புதுச் சரிவு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன். ஹிகோனோகாமிக்கு இருக்கும் அகலமான சரிவை அப்படியே கல்லில் படியவைத்து, எந்த இடம் தேய வேண்டுமோ அதன் மேல் இடக்கை விரல்களை வைத்து அழுத்த வேண்டுமாம். கல்லில் ஊறிய கருஞ்சேற்றை நான் கழுவப் போனதற்கும் திட்டு விழுந்தது. இரும்பை அரிப்பதில் அந்தச் சேற்றுக்கும் பங்கு உண்டு.

கொஞ்ச நேரம் கழித்து, "கயெரி வந்ததா?" என்று கேட்டார். கயெரி என்றால் திரும்புதல் என்றுதான் எனக்குத் தெரியும். ஊருக்குப் போவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இந்த வருஷம் லீவு இல்லை, அடுத்த வருஷம்தான்" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. அப்புறம் என் கட்டைவிரலைப் பிடித்து, கத்தியின் மறுபக்கத்தில் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல வழித்தார். நகத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு பிசிர். ஒரு பக்கம் தேயத் தேய இரும்பு மெலிந்து மறுபக்கம் மடிந்து நிற்கிறது. அதற்குத்தான் கயெரி என்று பேர். எழுத்து வேறு, சத்தம் ஒன்று. அடியிலிருந்து நுனிவரை அது விடாமல் வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். கடைசியில் இன்னும் நைசான 6000 நம்பர் கல்லில், பாரமே கொடுக்காமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து அந்தப் பிசிரை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு மாதத்தில் கல்லின் நடுவே குழி விழுந்தது. பென்சிலால் கட்டம் போட்டு, கோடெல்லாம் அழியும்வரை இன்னொரு கல்லில் தேய்த்துச் சமமாக்கினேன். அதற்கு மட்டும் அவரிடம் திட்டு வாங்கவில்லை.

இப்போது செய்தித்தாளை நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் சத்தமில்லாமல் வெட்டுகிறது. நுனி வளைகிற இடத்தில் முழங்கையைக் கொஞ்சம் தூக்க வேண்டும், எனக்கு அது வசப்படவில்லை. போன ஞாயிறும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கே இன்னும் கயெரி வரலை" என்று கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.