மார்க்கெட் வாசலில் ஒரு மேஜை

2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் பரவலைத் தடுக்க மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, என் அம்மா பினாங்குத் தீவில் ஒரு மார்க்கெட்டை ஒட்டி அப்பமும் புத்து மாயமும் (இடியாப்பம்) விற்றுக்கொண்டிருந்தார். நான் பாயான் லெப்பாஸில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருந்தேன். எங்கள் ஆபீஸில் 'அஜைல்' என்ற சொல் காதில் விழாத நாளே கிடையாது. சின்னதாக ஒன்றைச் செய்து, இரண்டு வாரத்தில் பயன்படுத்துகிறவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டும். மார்க்கெட், கடை லைசென்ஸ் போன்றவற்றைக் கவனிக்கிற ஊராட்சி மன்றங்களும் இப்படி மாற வேண்டும் என்று கோவிட் காலத்தில் நிறையப் பேர் பேசினார்கள். நானும் அதை விரும்புகிறேன். ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் ஆப்பில் தொடங்கி ஆப்பிலேயே முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை, மக்களுக்கு அதிகம் கைகொடுத்தது மார்க்கெட் வாசலில் நின்ற அதிகாரிக்குத் தானே முடிவெடுக்கக் கிடைத்த இடம்தான்.

ஆப்புக்குப் பஞ்சமே இல்லை. ஏப்ரலில் மத்திய அரசாங்கத்தின் மைசெஜாத்திரா ஆப் வந்தது. உடல்நிலையை நாமே பதிவு செய்யத்தான் முதலில் அது பயன்பட்டது; கடைக்குள் நுழையும்போது ஸ்கேன் செய்கிற வசதி பிறகு சேர்ந்தது. அதற்குள் சிலாங்கூர் மாநிலம் செலாங்கா என்ற பதிவு முறையையும் பினாங்கு பிஜிகேர் என்பதையும் கொண்டுவந்துவிட்டன. மத்திய அரசாங்கத்துக்காகக் காத்திராமல் மாநிலங்கள் முந்திக்கொண்டதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரே கடைத் தூணில் இரண்டு கியூஆர் கோடுகள் ஒட்டியிருந்தன. எதை ஸ்கேன் செய்வது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், ஒரு கையில் அப்பச்சட்டி பிடித்திருந்த என் அம்மா.

போன் இல்லாதவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பெயர், போன் நம்பர், நேரம். வரிசையில் அடுத்து நிற்கிறவர் முந்தைய பக்கம் முழுக்கப் படிக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்த நம்பருக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மெசேஜ் வந்ததாக என் தங்கையின் தோழிகள் சொன்னார்கள். தொற்றுத் தொடர்பைக் கண்டறியத்தான் அந்தத் தகவல் வாங்கப்பட்டது, ஆனால் அதைப் பாதுகாக்க யாரும் பொறுப்பேற்கவில்லை.

மார்க்கெட் வாசலில் பணியில் இருந்த ஒரு நடுத்தர வயது அதிகாரியை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரே நுழைவாயில், காய்ச்சல் பார்க்கும் கருவி, உள்ளே இத்தனை பேர்தான் என்ற கணக்கு. முதல் நாட்களில் ஸ்மார்ட்போன் இல்லாத தாத்தா பாட்டிகள் தயங்கி நின்று, சிலர் திரும்பியே போனார்கள். மீன் வாங்க வந்தவர்கள், வெறும் கூடையோடு. அவர் ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போடச் சொன்னார். ஒரு பையன் ஐசியை (அடையாள அட்டையை) பார்த்து விவரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, மூடிய பெட்டியில் போட்டான். இப்போது யார் கண்ணிலும் யார் நம்பரும் படவில்லை. அப்புறம், காலையில் முதல் நேரத்தை வயதானவர்களுக்கு ஒதுக்கிப் பார்த்தார். இறைச்சிக் கடைக்காரர்கள், சரக்கு இறங்கும் நேரத்தோடு அது மோதுகிறது என்றார்கள். சரி, கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று மாற்றினார். அதை அவர் யாரிடமும் அஜைல் என்று சொல்லியிருக்க மாட்டார். என் ஆபீஸ் கூட்டங்களில் கேட்ட எல்லாவற்றையும்விட எனக்கு அது பிடித்திருந்தது.

அவரால் அவ்வளவுதான் மாற்ற முடிந்தது. விதிமுறை மத்திய அரசாங்கம் இருக்கிற புத்ராஜெயாவிலிருந்து வந்தது: தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் எஸ்ஓபி என்ற நடைமுறை விதிகள், அதற்குப் பின்னால் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். கடை திறக்கும் நேரம், உட்கார்ந்து சாப்பிடலாமா கூடாதா எல்லாம் மேலே முடிவாயிற்று. ஊராட்சி மன்றம் அதை நிறைவேற்றியது. அந்த விதிகளும் வேகமாகத்தான் மாறின. ஆனால் அப்ப மாவுக்கு முந்தின நாளே அரிசி ஊறப்போட்டு, அரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குப் பிறகு ஓர் அறிவிப்பு வந்தால், அரைத்த மாவு அரைத்ததுதான். கேட்காமல் வேகமாக மாற்றினால் அந்தச் செலவு கடைக்காரர் தலையில் விழுகிறது. பசியாற வருகிறவர்கள் வருவார்களா என்று தெரியாமல் அம்மா விடியற்காலையில் அடுப்பு மூட்டிய நாட்களை நான் மறக்கமாட்டேன்.

தகவலும் அப்படியே. நோய்ப் பரவலைக் காட்டிய சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம் என்பது அப்போது மாவட்டக் கணக்காக இருந்தது. 40-க்கு மேல் நோயாளிகள் இருந்தால் சிவப்பு. பினாங்கில் 5 மாவட்டங்கள்தான். ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் எல்லாம் ஒரே திமோர் லாவுட் மாவட்டத்துக்குள் வருகின்றன. எந்த மார்க்கெட்டைக் கவனிப்பது, எந்த அடுக்குமாடியில் தண்ணீர்த் தொட்டியருகே கைகழுவும் இடம் வைப்பது என்று முடிவு செய்ய அந்த நிறம் உதவவில்லை. 2021 ஜூலையில் சுகாதார அமைச்சு தினசரிக் கோவிட் தரவுகளை கிட்ஹப் என்ற பொதுத் தளத்தில் திறந்து வைத்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். யாரும் எடுத்துப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். அதே திறந்த மனம் ஊராட்சி மன்ற அளவிலும் வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது வியாபாரிகள் பட்டியல் விஷயம். அம்மாவுக்கு லைசென்ஸ் உண்டு, அதனால் உதவி என்று வந்தால் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வழி உண்டு. எங்கள் புளோக் கீழே சாயங்காலம் வடை சுட்டு விற்ற அக்காவுக்கு லைசென்ஸ் இல்லை. எந்தக் கணினியிலும் அவர் வியாபாரியாக இல்லை. 2021 ஜூன் 1-ஆம் தேதி நாடு மறுபடி முழுதாக முடங்கியது. அந்த மாதக் கடைசியில், உதவி தேவை என்பதைக் காட்ட வீடுகளில் வெள்ளைக் கொடிகள் தெரிய ஆரம்பித்தன. எங்கள் பக்கத்தில் அதற்குப் பதில் சொன்னவர்கள் முதலில் அக்கம்பக்கத்தார்தான்: அரிசி, பால்மாவு, முட்டை. இருக்கிற பதிவேட்டையே ஆன்லைனுக்கு ஏற்றினால், அதில் இல்லாதவர் அங்கேயும் இருக்கமாட்டார்.

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். பயன்படுத்துகிறவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துவதுதான் அஜைல் என்றால், அந்த வடைக்கார அக்கா யாரிடம் போய்ச் சொல்வது? ஓட்டு இல்லாத இடத்தில் ஒரு கேட்கும் வழியாவது வேண்டும்.

டெங்கி ஒழிப்பும் வெள்ளமும் எப்படியும் ஊராட்சி மன்றங்களின் வாசலுக்குத்தான் வரும். அதனால் இப்போதே, அவசரம் எதுவும் இல்லாதபோதே, லைசென்ஸ் இல்லாத சிறு வியாபாரிகளும் அபராதப் பயமில்லாமல் பெயர் கொடுக்கிற பதிவு ஒன்றைத் திறக்கச் சொல்லியும், மார்க்கெட் அதிகாரிகளுக்கு இன்னின்னதை நீங்களே மாற்றலாம் என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லியும் எங்கள் பகுதி மன்ற உறுப்பினருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். உங்கள் பகுதியில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள், அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.