டெர்கல் கேட்ட குரல்கள்

அக்டோபர் 31

மனிதர்களைப் பேசவைத்து, அவர்கள் நினைவுகளையே வரலாறாகப் புத்தகமாக்கிய அமெரிக்கர் ஸ்டட்ஸ் டெர்கல் சிகாகோவில் காலமான நாள். ஆண்டு 2008, வயது 96. சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் 1952 முதல் 1997 வரை நிகழ்ச்சி நடத்தியவர். பேர்பெற்றவர்கள் பலர் அவரிடம் பேசியிருக்கிறார்கள். எனக்கோ, பேர் வெளியே தெரியாதவர்களையும் அதே ஆர்வத்தோடு கேட்டார் என்பதுதான் பெரிதாகப் படுகிறது. சட்டம் படித்தவர், வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. சின்ன வயதில் பெற்றோர் நடத்திய விடுதியில் தங்கியவர்களின் வாக்குவாதங்களைக் கேட்டு வளர்ந்தவர். அவருக்கு அதுதான் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 2

1974-இல் வந்த அவருடைய 'ஒர்க்கிங்' (வேலை) புத்தகத்தை மறுபடி எடுத்தேன். நூறு பேருக்கு மேல் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். உணவகத்தில் பரிமாறும் ஒரு பெண், தான் தட்டு வைத்தால் சத்தமே கேட்காது என்கிறார். என்ன ஒரு பெருமிதம்! இரும்பு ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு வேறொரு ஆசை. பெரிய கட்டடத்தின் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை, அதைக் கட்டிய கொத்தனார், எலக்ட்ரீஷியன் எல்லோர் பெயரும் இருக்க வேண்டுமாம். மகனைக் கூட்டிப்போய், 'அதோ, அந்த மாடியில் இருப்பது நான்' என்று காட்ட வேண்டுமாம். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சம்பளத்தை மட்டும் விசாரித்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

நவம்பர் 5

டெர்கலுக்கு டேப் ரெக்கார்டர் சரியாக வசப்படவே இல்லை. நாடா ஓடவில்லை என்று பேச வந்தவரே எடுத்துச் சொல்வாராம். அப்புறம் பயம் எங்கே இருக்கும்? உதவி செய்தவர் ஆயிற்றே, மனம் விட்டுப் பேசுவார்.

அரசுக் குடியிருப்பில் ஒரு தாயைப் பதிவு செய்த கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்க, நாடாவை ஓட்டிக் காட்டுகிறார். அந்தத் தாய் தன் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. தனக்குள் இப்படியெல்லாம் இருந்தது தனக்கே தெரியாது என்கிறார்.

நவம்பர் 9

நினைவை நம்பி வரலாறு எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1930-களில் அமெரிக்காவில் பலர் வேலையிழந்த பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றிய 'ஹார்ட் டைம்ஸ்' புத்தகத்தில், இது நினைவுகளின் நூல், புள்ளிவிவர நூல் அல்ல என்று டெர்கலே முதலில் சொல்லிவிடுகிறார். எனக்கு அது போதும். வேலை போன தேதியை ஒருவர் மாற்றிச் சொல்லலாம். அன்று வீட்டுக்குப் போகக் கூசிய கூச்சத்தை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

அவருடைய வானொலிப் பதிவுகள் 2018 முதல் இணையத்தில் கிடைக்கின்றன. அச்சில் விழாத சிரிப்பும் தயக்கமும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. புத்தகங்களைப் படித்தவர்கள் இவற்றை அவசியம் கேட்கவும் வேண்டும்.