கறுப்பு வெள்ளையில் என் முகம்: மூன்று நாள் முயற்சி

கைபேசியில் என்னை நானே கறுப்பு வெள்ளையில் ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று மூன்று நாட்கள் முயன்றேன். முதல் நாள் முழுவதும் வீணாயிற்று. முன்பக்கக் கேமராவைக் கை நீட்டிப் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்தும் காதுகள் ஒதுங்கியும் தெரிகின்றன. கேமரா அவ்வளவு நெருங்கியிருக்கும்போது மூக்குக்கும் காதுக்கும் உள்ள சில அங்குல இடைவெளியே முகத்தின் அளவுகளை மாற்றிவிடுகிறது.

மறுநாள் கைபேசியை முக்காலியில் பொருத்தி, பின்பக்கக் கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து, 5 அடி தள்ளி அமர்ந்தேன். திரையைப் பார்க்க முடியாததால், நாற்காலியில் என் முகம் வரும் உயரத்தில் ஒரு தலையணையை நிறுத்தி, அதன் மீது ஃபோகஸைப் பூட்டிவிட்டு, 10 விநாடி டைமரை இயக்கினேன். முதல் பத்துப் படங்களிலும் நான் சட்டகத்தின் ஓரத்துக்கு நழுவியிருந்தேன். 1839-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்ற ஆரம்பகாலப் புகைப்படக்காரர் தன்னைத்தானே எடுத்த படத்திலும் அவர் நடுவில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தன்னைத்தானே எடுப்பவருக்கு அன்றிலிருந்தே உள்ள சிக்கல் இது.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அறை விளக்கை அணைத்து, ஜன்னல் பக்கவாட்டில் சற்று முன்னால் இருக்குமாறு அமர்ந்தபோது, நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக ஒளி நின்றது. எதிர்ச்சுவரின் வெண்மை அந்த நிழலைக் கரைத்துக்கொண்டிருந்ததால், அங்கே கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். முகத்துக்கு உடனே ஆழம் வந்தது. நெற்றி வெளுத்துவிடாதபடி எக்ஸ்போஷரையும், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவையும், சற்றுக் குறைத்தேன்.

மூன்றாம் நாள் எடிட்டிங். கேமராவிலேயே உள்ள கறுப்பு வெள்ளை ஃபில்டரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமாக மாற வேண்டும் என்ற முடிவை அது நம் கையிலிருந்து பறித்துவிடுகிறது. வண்ணத்தில், கேமரா பதிந்த தகவலைப் பெரிதும் மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, லைட்ரூம் என்ற எடிட்டிங் செயலியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால், ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கத் தனி ஸ்லைடர் கிடைக்கிறது. மாநிறமோ சிவப்போ கறுப்போ, மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுக்குள் அடங்கிவிடும். அதை உயர்த்தியபோது முகம் தெளிந்தது. தாழ்த்தியபோது பருத் தழும்புகள் ஒவ்வொன்றும் எழுந்து நின்றன. சிவப்பையும் சேர்த்து உயர்த்தியபோது உதடுகள் தோலோடு கலந்து மறைந்தே போயின. எனவே ஆரஞ்சை 15 ஏற்றி, சிவப்பை 10 இறக்கினேன். சட்டை நீலம் என்பதால் நீலத்தைக் குறைத்ததும் அது இருண்டு முகத்துக்கு இடம் விட்டது. மேலும் குறைத்தபோது துணியில் திட்டுத்திட்டாகப் புள்ளிகள் கிளம்பின, அதனால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். தழும்புகளை அழிக்கவில்லை. அவையும் என் முகம்தான்.

எடுத்த நாற்பது படங்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடது கருவிழிக்குள் ஜன்னலின் சட்டமும், அதன் நடுக் கம்பியும் தெரிகின்றன.